நேராகாத வட்டம்

அண்டநல்லூரில் முட்டுக்கட்டை தாண்டவராயனின் மனைவி உலகம்மை கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மறுநாள் காலையில், அவளுடைய தாய்வீடு தொலைவாகிவிட்டது.

வீடு நகரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி முன்னோர் எழுப்பிய மண்மதில், மூலை என்று ஒன்றில்லாமல், கோழிமுட்டையைப் படுக்கவைத்தாற்போல ஊரைச் சுற்றி வளைந்து கிடந்தது அல்லவா, அது அங்கேயேதான் கிடந்தது. அதன் கிழக்குச் சரிவை ஒட்டி, பூசணிக்கொடி படர்ந்த கூரையோடு அவளுடைய தாய் வெள்ளையம்மாளின் வீடும் அங்கேயேதான் இருந்தது. கோயில் வாசலில் நின்று பார்த்தால் முற்றத்தில் காயப்போட்ட மிளகாய்கூடச் சிவப்பாகத் தெரிந்தது. ஆனால் அங்கே போகவேண்டும் என்று புறப்பட்டவருக்குப் பாதி வழியைக் கடந்தபின் மீதமிருந்த பாதி, முன்பிருந்த முழு வழியளவு நீண்டது. அதில் பாதியைக் கடந்தால் மீண்டும் அப்படியே நீண்டது. மதிலை நெருங்க நெருங்க, மதிலுக்கும் காலுக்கும் நடுவே தரை பிறந்துகொண்டே இருந்தது. புல்லோடும் பூண்டோடும் ஆவாரஞ்செடியோடும், காலகாலமாக அங்கேயே கிடந்த தரையைப்போலச் சற்றும் கூச்சமில்லாமல் பிறந்தது.

ஊரார் இதைக் கண்டு வாய்பிளக்கவில்லை. அவ்வூர்ச் சிவபெருமானுக்கே எட்டாதநாதர் என்றுதான் திருநாமம். அடி தேடிப் பூமியைக் குடைந்த பன்றியும், முடி தேடி வானில் பறந்த அன்னமும் இன்னும் போய்க்கொண்டிருப்பதாக மெய்யாகவே நம்பிய குருக்கள், "மதிலுக்கும் சுவாமியோட குணம் கொஞ்சம் ஒட்டிண்டிருக்கு, வேறென்ன" என்று சொல்லிவிட்டு நைவேத்தியத்துக்கு நேரமாயிற்று என்று உள்ளே போனார். பால்காரர்கள் நள்ளிரவிலேயே எழப் பழகினார்கள். ஊரில் இரவு தங்கிய பேருந்து மேற்கு வாயிலை நோக்கிப் புறப்பட்டுப் போய்க்கொண்டே இருந்தது. கோயிலிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நாளுக்கு நாள் சிறுத்துத் தீப்பெட்டியளவாயிற்று. உள்ளே இருந்தவர்களோ எந்தக் குறையுமில்லாமல் வழியில் இறங்கிச் சமைத்து, உண்டு, மீண்டும் ஏறிக்கொண்டார்கள். பயணிகள் இருவருக்குள் சம்பந்தம் பேசி முடிந்து, ஓட்டுநர் தாம்பூலம் மாற்றிக் கொடுத்தாராம்.

மதிலோரத்து மனிதர்கள்தாம் திடீரென்று நிலம் உடையவர்களாகிவிட்டார்கள். வெள்ளையம்மாளின் வீட்டுக்குப் பின்னால், ஒரு முருங்கையும் ஓர் ஆட்டுரலும் இருந்த கொல்லை, கண்ணுக்கெட்டிய மட்டும் நெல்லும் எள்ளும் விளையக்கூடிய பூமியாகப் பரந்து கிடந்தது. சந்நிதித் தெருவில் மாடிவீடு கட்டியவர்கள், நெடுநாள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள், கட்டுச்சோற்றோடு நடந்துவந்து, "ஆச்சி, ஓரமா ஒரு சின்ன இடம் குடுத்தா போதும்" என்று பல்லைக் காட்டினார்கள்.

"அதுக்கென்ன? ஓரம் எங்க இருக்குன்னு போய்ப் பாத்துட்டு வாங்க. எழுதித் தந்துடறேன்" என்றாள் வெள்ளையம்மாள்.

போனவர்கள் இன்னும் வரவில்லை.

ஊரை அளப்பதற்காக வந்து உள்ளே அகப்பட்டுக்கொண்ட சர்வேயர் பரஞ்சோதி ஒருவர்தாம் இதனால் மெலிந்துபோனார். அவர் சில காலம் அளவுச் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். பிறகு குருக்களிடம் சாவி வாங்கிக் கோபுரத்தின் மேல் ஏறிப் பார்த்தார். கீழே வெள்ளையம்மாளின் கன்றுக்குட்டி முளையில் கட்டப்பட்டு, கயிறு எட்டுமட்டும் மேய்ந்திருந்தது. அது மேய்ந்த தடம் மேலிருந்து பார்க்க வட்டமாக இல்லை. மதிலின் பக்கம் ஒடுங்கியும், கோயிலின் பக்கம் புடைத்தும் இருந்தது. பரஞ்சோதி இறங்கி, நடந்து நடந்து அங்கே போய், முளையிலிருந்து எல்லாப் பக்கமும் அடிவைத்து அளந்தார். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே நீளம். கயிற்றை நீட்டிக் கட்டினார், தடம் பெருகியது, பெருகப் பெருக அது மதிலின் சாயலையே கொண்டது. "கன்னுக்குட்டி மேல தப்பில்ல" என்று வெள்ளையம்மாளிடம் சொல்லிவிட்டு, அவள் கொடுத்த மோரைக் குடித்தார்.

இனித் தாண்டவராயனின் சங்கடத்துக்கு வருவோம்.

மூலையில்லாத ஊராகையால் அண்டநல்லூரில் தேரோடும் வீதி நான்கு இல்லை. ஒன்றே ஒன்று, வட்டமாக. கொடியேற்றத்தன்று கொடிமரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் நுனியைப் பிடித்துச் சுற்றிவந்து சுண்ணாம்பால் கோடிடுவார்கள். அந்தக் கோட்டின்மேல்தான் தேர் போகவேண்டும். தேர் தானாகத் திரும்பாது. வடம் பிடிப்பவர்களுக்கு இழுக்கத்தான் தெரியும். உருளும் சக்கரத்தின் அடியில் புளியமரக் கட்டையைச் சாய்த்துச் செருகி, அந்த ஒரு நொடியில் தேரின் முகத்தைத் திருப்புகிறவன் முட்டுக்கட்டைக்காரன். அந்த உரிமை தாண்டவராயனின் குடும்பத்துக்கு. அந்தக் கட்டைக்கு அவன் மனைவி தன் கையால் எண்ணெய் தடவிக் குங்குமம் வைத்தபிறகே அவன் அதைச் சக்கரத்தடியில் இடலாம் என்பது ஊர்க் கட்டு. வைக்காவிட்டால் உரிமை அடுத்த பங்காளிக்குப் போய்விடும்.

சண்டையும் தேரைப் பற்றியதுதான். மதிலோரத்தாரைத் தேருக்கு யாரும் அழைப்பதில்லை. தன் தாய் ஒருமுறையேனும் தேரைக் கிட்டத்தில் பார்க்கட்டும், திருவிழாவுக்கு அவளை நம் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்வோம் என்று உலகம்மை கேட்டாள். தாண்டவராயன் வெற்றிலையின் காம்பைக் கிள்ளியபடி, "ஊர்க்கோடியில கெடக்கறவங்களுக்குத் தேரு என்னத்துக்கு?" என்றான். அவள் அடுப்பை அணைத்து, அரைத்து வைத்திருந்த சட்டினியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு புடவையோடு நடந்தாள். அப்போதெல்லாம் அது ஒரு வாய் வெற்றிலை மெல்லும் தூரம்.

கொடியேற்றம் நெருங்கியது. தர்மகர்த்தா சபாநாயகம் ஆளனுப்பித் தாண்டவராயனை வரவழைத்தார்.

"ஏம்ப்பா, போய்க் கூட்டிட்டு வந்துடேன்."

"தானா போனவ தானா வரட்டும்ங்க ஐயா."

"தானா வர்றதுன்னா அவ இப்பவே பொறப்பட்டிருக்கணுமேப்பா! பழைய தூரம்னு நெனைச்சியா?"

"வரலேன்னா போகட்டுங்க."

"போகட்டுமா? கட்டை போயிடும்ப்பா. ஒன் பங்காளி மாசிலாமணி பொண்டாட்டி இப்பவே எண்ணெய்க் கிண்ணத்தைத் தேய்ச்சு வெயில்ல கவுத்து வெச்சிருக்கா."

தாண்டவராயனுக்குக் கட்டை போவது ஒரு பக்கம். வீட்டில் தண்ணீர்ப்பானை தானாக நிறையவில்லை, கோழி தானாக அடையவில்லை, இரவில் தான் விட்ட குறட்டையை மறுநாள் யாரும் குறைசொல்லவில்லை. இது மற்றொரு பக்கம். மாலைதோறும் காற்று வாங்குகிறேன் என்று கீழைத்தெருவில் கொஞ்ச தூரம் நடப்பான். தரை பிறக்கத் தொடங்கும் இடம்வரை போய், நின்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவான். டீக்கடைக்காரர் விடவில்லை. "என்னங்க, காத்து கெழக்காலதான் அடிக்குதோ? மேக்கால அடிக்கறதே இல்லியோ?" என்று அவர் கேட்க, பெஞ்சில் இருந்தவர்கள் டீயைத் துப்பிச் சிரித்தார்கள்.

அன்று அவமானம் தாங்காமல் படுத்தவனுக்கு ஒரு யோசனை உதித்தது. காலையில் தர்மகர்த்தாவின் முன் அதை இறக்கிவைத்தான்.

"ஐயா, வட்டத்தைப் பெருசாக்கிடுவோம். சின்ன வட்டம்னா தேரு வெடுக்கு வெடுக்குனு திரும்பணும். பெரிய வட்டம்னா மெள்ளத் திரும்பினா போதும். ரொம்பப் பெரிய வட்டம்னா திரும்பறதே தெரியாது, நேர்ரோடு மாதிரி இருக்கும், வடத்தை இழுத்தாலே போயிடும். கட்டையே வேணாம். கட்டை வேணாம்னா குங்குமமும் வேணாம்."

கூடியிருந்தவர்கள் அவனை வியந்து பார்த்தார்கள். உலகத்தின் மற்ற ஊர்களில் அது முழு உண்மை. குளத்தின் கரையில் நின்றால் வளைவு தெரியும், கடலின் கரையில் நின்றால் தெரியாது. வட்டம் பெருகப் பெருக அதன் கோடு தளர்ந்து நேராகும். தாண்டவராயன் தன் ஊர் இன்னும் மற்ற ஊர்களைப் போன்றதுதான் என்று எண்ணியதுதான் பிழை; ஊரே அவனோடு சேர்ந்து அப்படி எண்ணியது.

பரஞ்சோதி மட்டும் எழுந்து, "நான் இன்னும் அளந்து முடிக்கலைங்க. ஆனா கன்னுக்குட்டிக்குக் கயித்தை நீட்டி நீட்டிப் பாத்தேன். மொதல்ல வளைவு கொஞ்சம் எளகுது. அப்புறம் எளக மாட்டேங்குது. எவ்ளோ நீட்டினாலும் அதுக்குன்னு ஒரு வளைவை விடாப்பிடியா வெச்சுக்குது" என்றார்.

"கன்னுக்குட்டியும் எட்டாதநாதரும் ஒண்ணாய்யா?" என்றார் தர்மகர்த்தா.

"கயிறு ஒண்ணுதானுங்களே" என்று சொல்லிவிட்டுப் பரஞ்சோதி உட்கார்ந்தார்.

கொடிமரத்துக் கயிற்றோடு ஊரிலுள்ள தாம்புக்கயிறுகளெல்லாம் முடிபோடப்பட்டன. ஊஞ்சல் கயிறு வந்தது. துணி உலர்த்தும் கொடிக்கயிறு வந்தது. கயிறு கொடுத்த வீடுகளில் தண்ணீர் இறைக்க வழியில்லாமல் பெண்கள் தாண்டவராயனின் பெயரை விடியலிலும் அந்தியிலும் உச்சரித்தார்கள், பக்தியோடு அல்ல. அவ்வளவு கயிறும் போய் முடிந்த இடத்தில் ஒரு பெரும் வட்டம் விழுந்தது. தேரின் நிழலைக்கூட மிதித்திராத குடும்பங்கள் அதன் ஓரத்தில் இருந்தன. அவர்கள் வாசலைப் பெருக்கிக் கோலமிட்டுக் காத்திருந்தார்கள்.

தேர் புறப்பட்டது. கீழைத்தெரு நேர்தெருவாகையால் கட்டை தேவைப்படவில்லை. நாதஸ்வரமும் தவிலும் முன்னே செல்ல, எட்டாதநாதர் அம்பிகையோடு அசைந்து அசைந்து, பகலில் ஓடி, பொழுது சாய்ந்தால் நின்று, நின்ற இடத்தில் ஊரையே உலைவைக்கச் செய்து, மறுபடி ஓடி, வட்டத்தை வந்தடைந்தார். அங்கே வட்டத்தின் வாக்கில் தேரைத் திருப்பும் முதல் திருப்பத்தை மட்டும் நெம்புகோல் போட்டு எல்லாரும் தோள்கொடுத்து முடித்தார்கள். நெம்புகோலுக்குக் குங்குமம் வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. தாண்டவராயன், பழக்கத்தால் தோளில் சுமந்துவந்த கட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, "இழுங்க, இனிமே நேர்ரோடுதான்" என்றான்.

இழுத்தார்கள். தேர் நேராகப் போயிற்று. கோடு நேராகப் போகவில்லை.

"வளையுதேய்யா!" என்று முன்வடத்துக்காரர் அலறுவதற்குள் தேர் கோட்டைவிட்டு வெளியேறி ஒரு வைக்கோல்போரில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதை வெளியே இழுத்து, கயிறு போதவில்லை போலும் என்று சொல்லி, இன்னும் கயிறு கட்டி, இன்னும் பெரிய வட்டமிட்டு, நெம்பி நிறுத்தி, மீண்டும் இழுத்தார்கள். மீண்டும் அதே வளைவு, இம்மியும் குறையவில்லை. இம்முறை எள்ளுக்கொல்லை. மறுபடி கயிறு; மறுபடி வட்டம்; மறுபடி, யாரோ உளுந்து உலர்த்திய களம். வட்டத்தைத் தவறவிட்ட தேர் உட்பக்கம் ஒருபோதும் சாயவில்லை. தவறிய ஒவ்வொரு முறையும் அது மதிலை நோக்கி, கிழக்கு நோக்கி, இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. தன் பிடிவாதத்தால் தானே அந்தத் திசையில் வழி வெட்டிக்கொண்டிருப்பதைத் தாண்டவராயன் கண்டான். கண்டும், வெயிலில் கண் கூசுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தேர்த்தட்டில் இருந்த குருக்கள் விசிறியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "சுவாமி எங்கே கிளம்பியிருக்கார்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்குத் தூது போறது இவருக்குப் புதுசா என்ன?" என்றார். மனைவி ஊடிய அடியார் ஒருவரின் பொருட்டு நள்ளிருள் என்றும் பாராமல் தெருவில் நடந்த திருவடிகளுக்கு, சக்கரம் கட்டிய தேரில் வருவது எளிதுதானே.

கடைசியாகத் தேர் வந்து நின்றது வெள்ளையம்மாளின் பூசணித் தோட்டத்தில்.

அவள் வாசலுக்கு வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாகக் கழுத்தை நிமிர்த்தித் தேரின் கலசம்வரை பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபின் மருமகனைப் பார்த்தாள். "வாங்க மாப்பிள்ளை. பூசணிக்குச் சொல்லியிருந்தா நானே பறிச்சுக் குடுத்திருப்பேனே. சக்கரத்தாலயா நறுக்கறது?"

வடம் பிடித்தவர்கள் வடத்தைக் கீழே போட்டுவிட்டு, நாடகம் பார்க்க வசதியாக வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். உலகம்மை முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"ஏங்க, தேரு வழி தப்பிடுச்சோ?"

"வழி தப்பல. வட்டந்தான் தப்பிடுச்சு."

"கட்டை எங்க?"

"தோள்ல."

"கட்டையைச் சக்கரத்துக்குத்தானே போடுவாங்க. தோளுக்குப் போட்டா நீங்க திரும்பிடுவீங்களா?"

வரப்பு முழுவதும் சிரித்தது. தாண்டவராயன், "அத்தைக்குத் தேர் காட்டலாம்னுதான் இவ்ளோ தூரம்..." என்று ஆரம்பித்தான்.

"அடேய், சுவாமி மேல உக்காந்திருக்காருடா!" என்று தர்மகர்த்தா கத்தினார்.

தாண்டவராயன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் கோபுரம் ஊதுபத்திக் குச்சியளவு நின்றது. சந்நிதித் தெருவும், மாடிவீடுகளும், டீக்கடையும், அவன் மார்பை நிமிர்த்தி நடந்த தேர்வட்டமும் அந்தக் குச்சியைச் சுற்றி மேற்கு மதிலோடு ஒண்டிக்கொண்டு கிடந்தன. அவன் நின்ற இடத்தைச் சுற்றியோ நாலாபக்கமும் பூமி அளவில்லாமல் விரிந்திருந்தது. நடு என்று ஓரிடத்தை அவனால் சொல்ல முடிந்ததென்றால் அது மாமியாரின் ஆட்டுரல்தான்.

"உலகு," என்றான், குரலைத் தாழ்த்தி. "ஊர்க்கோடின்னு சொன்னேன். அது எங்க இருக்குன்னு வழியெல்லாம் பாத்துக்கிட்டே வந்தேன். காணோம். தப்பாச் சொல்லிட்டேன்."

"இதைச் சொல்றதுக்கா இவ்ளோ தூரம்?"

"நீ இருந்த தூரம் அவ்ளோ."

அவள் உள்ளே போனாள். போனவள் வருவாளா என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, எண்ணெய்க் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் வந்து, அவன் தோளிலிருந்த கட்டையை இறக்கச்சொல்லி, நிதானமாகத் தடவி, நடுவே பெரிதாகப் பொட்டு வைத்தாள். மாசிலாமணியின் மனைவி அதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். தவில் முழங்கியது. தாண்டவராயன் கட்டையைச் செருகினான்; மரம் முனகியது; எட்டாதநாதர் முகத்தைத் திருப்பினார்.

அங்கிருந்து தேர் வட்டம் வரத் தொடங்கியது. மதிலின் சாயலிலேயே வளைந்த அந்த வட்டத்தில் அதுவரை எந்தச் சுவாமியும் எட்டிப்பார்க்காத வாசல்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கொஞ்ச தூரம் போனால் வளைவு இளகிவிடும், கையை ஆற்றிக்கொள்ளலாம் என்று தாண்டவராயன் ஆசைப்பட்டான். பரஞ்சோதி கூடவே நடந்து அளந்துகொண்டு வந்தார். "எளகாதுங்க. கடைசிவரைக்கும் இதே வளைவுதான்" என்றார். "கடைசி எப்ப?" என்று கேட்டதற்கு, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, வடக்கே ஏதோ வேலையிருப்பதாகச் சொல்லி நடந்துவிட்டார். கட்டையை அத்தனை முறை போட்டால் குங்குமம் தேயாமல் இருக்குமா? அதனால் உலகம்மை கிண்ணத்தோடு சக்கரத்தின் பக்கத்திலேயே நடக்கவேண்டியதாயிற்று.

முதல் திருப்பத்தில் தாண்டவராயன் கேட்டான்: "வீட்டுக்கு வந்துடுவியா?"

"மொதல்ல இந்தத் திருப்பத்தை முடிங்க."

அடுத்த திருப்பத்திலும் கேட்டான். அதே பதில். தேர் போய்க்கொண்டே இருந்தது. விதைத்ததை அறுத்தார்கள், அறுத்த வயலில் மறுபடி விதைத்தார்கள், தேர் போய்க்கொண்டே இருந்தது. வடம் பிடிப்பவர்கள் முறைவைத்து மாறிக்கொண்டார்கள். சுவாமி கோயிலில் இல்லையே என்று ஒருவரும் குறைப்படவில்லை, வாசலுக்கு வருகிறவரைத் தேடிக்கொண்டு கோயிலுக்கு ஏன் போகவேண்டும் என்றார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் கேட்டான். முதலில் அதட்டலாக, பிறகு கெஞ்சலாக, பிறகு வேடிக்கையாக, பிறகு காலையில் எழுந்ததும் திருநீறு இட்டுக்கொள்வதைப்போல.

ஒரு நாள், வாழைத்தோப்பை ஒட்டிய ஒரு திருப்பத்தில், இருவரும் வழியில் கண்ட ஒரு சினைப்பசுவைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்ததில், அவன் கேட்க மறந்துபோனான்.

உலகம்மை சற்று தூரம் நடந்தாள். பிறகு கிண்ணத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "ஏங்க, என்ன, இன்னிக்குக் கேக்கலியா?" என்றாள்.

தாண்டவராயன் திகைத்து அவளைப் பார்த்தான். பார்த்த பார்வையில் கட்டை கையிலேயே நின்றுவிட்டது. தேர் தன் போக்கில் நேரே உருண்டு வாழைத்தோப்புக்குள் நுழைந்தது. மரங்கள் சரிந்தன, முன்வடத்துக்காரர்கள் குலைகளுக்கு நடுவே விழுந்து புரண்டு அவனுடைய பரம்பரையையே திட்டினார்கள், குருக்கள் தேர்த்தட்டின் தூணைக் கட்டிக்கொண்டு "சிவ சிவா" என்றார். எட்டாதநாதர் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவன் என்ன பதில் சொல்லப் போகிறான் என்று கேட்பவர்போல இருந்தார்.